மாணவர் என்ன செய்வார்? பாட ஒப்புதல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

இணையவழிப் பாடங்களுக்கும், நேரடி வகுப்பும் இணையமும் கலந்த கலப்புவழிப் பாடங்களுக்கும் ஒப்புதல் வழங்கும் பொறுப்பு உங்களுடையது. அந்த ஒப்புதலுக்காகப் பாட ஆசிரியர்கள் நிரப்பித் தரவேண்டிய படிவத்தைப் பற்றியதே இம்மடல். அத்தகைய படிவங்களைப் பல ஆண்டுகளாக நிரப்பி வந்திருக்கிறேன். சில காலம் பிறர் நிரப்பியவற்றைச் சரிபார்க்கும் இடத்திலும் இருந்திருக்கிறேன். நிறுவனத்துக்கு நிறுவனம் அமைப்பு மாறினாலும் அதில் வரும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை: எத்தனை அலகுகள், எத்தனை மணி நேரக் காணொலி, எத்தனை பக்க வாசிப்பு, எத்தனை பலவுள் தெரிவு வினாக்கள், எத்தனை நேரலை வகுப்புகள். இவையெல்லாம் எண்ணக்கூடியவை என்பதாலேயே கேட்கப்படுகின்றன என்று நினைக்கிறேன். ஆனால் படிவம் முழுவதையும் படித்து முடித்த பிறகும், மூன்றாம் வாரத்தின் ஏதோ ஓர் இரவில், வேலை முடிந்து வந்து பாடத்தைத் திறக்கும் மாணவர் அடுத்த ஒரு மணி நேரம் என்னதான் செய்வார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

என் முதல் இணையவழிப் பாடத்தை இந்தப் படிவத்துக்கு ஏற்றபடிதான் உருவாக்கினேன். வகுப்பில் ஆற்றிவந்த விரிவுரைகளை முக்கால் மணி நேரக் காணொலிகளாகப் பதிவு செய்து, ஒவ்வொன்றின் இறுதியிலும் ஐந்து வினாக்களைச் சேர்த்து, அலகுக்கு ஒரு விவாதப் பக்கத்தையும் திறந்து வைத்தேன். அன்றைய குழு ஒரு திருத்தம்கூடச் சொல்லாமல் பாராட்டி ஒப்புதல் தந்தது. பருவத்தின் பாதியில் தளத்தின் பதிவேட்டைப் பார்த்தபோது, பெரும்பாலோர் காணொலியைத் திறந்த வேகத்திலேயே இறுதிக்குத் தாவி, வினாக்களுக்கு விடை குறித்து, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு வெளியேறியிருப்பது தெரிந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அமைத்துக் கொடுத்த பாதையில் அதுதான் குறுக்குவழி. அறிவுள்ள யாரும் அதைத்தான் எடுப்பார்கள்.

இது என் ஒருவருடைய அனுபவமாக மட்டும் இருந்தால் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் பதிவான 69 லட்சம் காணொலி அமர்வுகளை பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் ஆராய்ந்தார்கள். காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் தங்கிய நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 6 நிமிடங்களைத் தாண்டவில்லை. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, நீண்ட விரிவுரையை எட்டுத் துண்டாக நறுக்கி ஏற்றிவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் பெருகிவிட்டார்கள். உங்கள் படிவங்களிலும் 'காணொலி 6 நிமிடத்துக்கு மேற்படலாகாது' என்ற விதி ஏறிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரை ஒன்றை நான்கு பகுதிகளாகப் பிரித்து மாணவர்களுக்குக் காட்டினார்கள். பகுதி பகுதியாகப் பார்த்தது எல்லோரும்தான். ஆனால் ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் சிறு தேர்வு எழுதியவர்களுக்குத்தான் கவனச் சிதறல் குறைந்தது, குறிப்பெடுக்கும் பழக்கம் கூடியது, இறுதித் தேர்வில் நினைவும் மேம்பட்டது. அதே வினாக்களை விடைகளோடு சேர்த்துப் படிக்க மட்டும் கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. இடைவெளி விட்டால் போதாது, இடைவெளியில் மாணவருக்கு வேலை இருக்க வேண்டும்.

கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு திறந்தநிலை இணைய உளவியல் பாடத்தை ஆராய்ந்து, பயிற்சிகளைச் செய்வதற்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பு, காணொலி பார்ப்பதற்கோ பக்கங்களை வாசிப்பதற்கோ உள்ள தொடர்பைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு வலுவானது என்று கண்டார்கள். ஆர்வமுள்ள மாணவர்தானே பயிற்சியையும் கூடுதலாகச் செய்வார் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், ஓர் உரைப்பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: திரும்பப் படித்தவர்களுக்கு 42 விழுக்காடு நினைவிருக்க, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது. நம் பாடங்களில் காணொலி முடிந்த மறுநொடியே வரும் ஐந்து வினாக்கள் அந்த ஐந்து நிமிடத் தேர்வைத்தான் ஒத்திருக்கின்றன. அவற்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பதற்கு ஒரு காசு செலவில்லை. இருந்தும் அதைக் கேட்கும் படிவம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

ஊடகத்தைப் பற்றிய பழைய வாதத்துக்குள் நீண்ட நேரம் நிற்க விரும்பவில்லை. மளிகைப் பொருளைக் கொண்டுவரும் வண்டி நம் உடல்நலத்தை மாற்றாதது போல, பாடத்தைக் கொண்டுவரும் ஊடகமும் கற்றலை மாற்றுவதில்லை என்று கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-இலேயே எழுதிவிட்டார். அமெரிக்கக் கல்வித் துறை 2010-இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்த தொகுப்பாய்வு, கலப்புவழிக் கற்றல் நேரடி வகுப்பைவிட ஓரளவு நல்ல விளைவைத் தருவதாகச் சொன்னபோதும், அவ்வழியில் பயின்றோருக்குக் கூடுதல் கற்றல் நேரமும் கூடுதல் பயிற்சிப் பொருள்களும் கிடைத்ததை மறைக்கவில்லை. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டும் முன்மொழிவுகள் உங்கள் மேசைக்கு வந்திருக்கும்.

'செயல்பாடு' என்ற சொல்லை நாம் மலிவாக்கிவிட்டோம். கோப்பைப் பதிவிறக்குவதும், 'படித்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்துவதும், படங்களை இழுத்து உரிய கட்டத்தில் விடுவதும் இன்று செயல்பாடுகளாகக் கணக்கில் ஏறுகின்றன. மாணவர் எதையேனும் தாமே முடிவு செய்ய நேர்வதும், அந்த முடிவு பிறர் பார்க்கக்கூடிய ஒரு வடிவத்தில் வெளிவருவதும், அதற்கு யாரிடமிருந்தேனும் மறுமொழி வருவதும், அடுத்து வரும் வேலைக்கு அது தேவைப்படுவதும் சேர்ந்தால்தான் அதைக் கற்றல் செயல்பாடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் மாணவர்கள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு ஆகியவற்றைக் கற்பிக்கும் அலகு ஒன்று. வழக்கமான வடிவத்தில் இரண்டையும் வரையறுக்கும் காணொலி வரும். பின்னர் 'கீழ்க்காணும் எண்களின் இடைநிலை அளவு யாது?' என்ற வினா வரும். கணிப்பான் வைத்திருக்கும் எவரும் அதைக் கடந்துவிடுவார்கள். இதையே நான் இப்போது வேறு விதமாக நடத்துகிறேன். காணொலிக்கு முன்பாகவே, ஒரு சிறு நிறுவனத்தில் பணிபுரியும் பதினொரு பேரின் மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிடுகிறேன். பத்துப் பேருடையது கிட்டத்தட்ட ஒரே அளவு. பதினொன்றாவதான மேலாளருடையது அதைப் போலப் பல மடங்கு. 'இந்த நிறுவனத்தில் வழக்கமாகக் கிடைக்கும் சம்பளம் இவ்வளவு' என்று ஊழியர் சங்கத்தின் சார்பில் ஒரு வரியும், நிர்வாகத்தின் சார்பில் ஒரு வரியும் எழுத வேண்டும். இரண்டிலும் பொய் இருக்கக்கூடாது. இதற்குப் பத்து நிமிடம் போதும். அதன்பின் ஐந்து நிமிடக் காணொலி. அதைப் பார்த்தபின், தம் இரு வரிகளில் எது எந்த அளவைப் பயன்படுத்தியது என்றும், நாளிதழ் ஒன்றில் இச்செய்தியை எழுதுவதாயின் எந்த வரியை வெளியிடுவார்கள், ஏன் என்றும் மூன்று வரிகளுக்கு மிகாமல் எழுதுகிறார்கள். மாணவர்கள் எழுதிய வரிகளில் நான்கைப் பெயர் நீக்கித் திரையில் காட்டித்தான் அடுத்த நேரலை வகுப்பைத் தொடங்குகிறேன்.

இதில் தொழில்நுட்பம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஆனால் காணொலி வரும் நேரத்தில் மாணவருக்கு அதனிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. தவறாக எழுதியவருக்கும் அது இருக்கிறது. சொல்லப்போனால் தவறாக எழுதியவரே காணொலியை முழுதாகப் பார்க்கிறார். ஆறு வரிக்குள் அடங்குவதால் அறுபது பேர் எழுதியதையும் ஒரே அமர்வில் படித்துவிட முடிகிறது. இதே பாடத்தின் கற்றல் விளைவாக 'தரவுகளைப் பகுத்தாய்ந்து மதிப்பிடுவார்' என்று எழுதிவிட்டு, தேர்வில் சூத்திரத்தை மட்டும் கேட்பது எவ்வளவு பொருந்தாதது என்பதும் அப்போது தானாக விளங்கும். விளைவு, செயல்பாடு, மதிப்பீடு மூன்றும் ஒன்றையொன்று நோக்கி நிற்க வேண்டும் என்று கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ் 1996-இல் எழுதிய கட்டுரை உங்கள் வழிகாட்டுக் குறிப்புகள் பலவற்றில் இடம்பெறுகிறது. ஆனால் படிவத்தில் அம்மூன்றுக்கும் மூன்று தனித்தனிப் பக்கங்கள் இருப்பதால், அவை பொருந்துகின்றனவா என்று பார்க்க யாரும் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

விவாதப் பக்கங்களைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. 'இவ்வாரப் பாடத்தைப் பற்றிய உங்கள் கருத்தைப் பதிவிடுங்கள். சக மாணவர் இருவருக்கேனும் பதில் எழுதுங்கள்' என்ற பணியை அறியாத இணையவழி மாணவர் எவரும் இருக்க முடியாது. அதன் விளைவும் எல்லோரும் அறிந்ததே: கெடு முடிவதற்கு முந்தைய மணி நேரத்தில் 'அருமையான கருத்து, நானும் உடன்படுகிறேன்' என்ற வரிகள் வரிசை கட்டி நிற்கும். இதை மாணவர்களின் சோம்பல் என்று கணக்கு எழுதுவது அநியாயம். எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்து, ஒரே கேள்விக்குப் பதில் எழுதும்போது, முதல் மூவர் எழுதியபின் நான்காமவர் சொல்வதற்கு உண்மையிலேயே எதுவும் மிச்சமில்லை. ஒருவரை ஒருவர் நாட வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் உரையாடலை எதிர்பார்த்தது நம் பிழை.

அத்தேவையை உண்டாக்கும் வழி புதிதன்று. சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய துண்டிணைப்பு முறையில், குழுவின் ஒவ்வொருவரிடமும் பாடத்தின் ஒரு பகுதி மட்டுமே இருக்கும். மற்றவர் சொன்னால்தான் முழுமை கிடைக்கும். இணையத்தில் இதை நடத்துவது வகுப்பறையைவிட எளிது. ஐவர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு ஆவணம்: ஒருவருக்கு நோயாளியின் முன்வரலாறு, இன்னொருவருக்கு ஆய்வகக் குறிப்பு, மூன்றாமவருக்கு மருந்துப் பட்டியல் என்று கொடுத்து, ஆறு நாளில் ஐவரும் ஒப்பமிட்ட ஒரே முடிவைக் கேட்டால், 'உடன்படுகிறேன்' என்பது அங்கே ஒரு பொறுப்பாகிவிடுகிறது. முதல் இரண்டு நாள் தம்மிடம் உள்ளதைச் சொல்ல, அடுத்த இரண்டு நாள் முரண்பட, கடைசி இரண்டு நாள் எழுத என்று காலத்தையும் பிரித்துக் கொடுத்தால், எல்லாம் கெடு நாளில் வந்து குவிவதும் பெருமளவு தவிர்க்கப்படுகிறது. மாணவர்களுக்கு இடையிலான இவ்வுறவு வெறும் அலங்காரம் என்று கருதுவோர், பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 151 பாடங்களை ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வைப் பார்க்கலாம். மாணவர்கள் பாடத்தை இடையில் கைவிடாமல் தொடர்வதை முன்கூட்டிக் காட்டியவற்றுள் முதன்மையானது, தொடர்பாடல் செயல்பாடுகளுக்கு அப்பாடங்களில் ஒதுக்கப்பட்ட நேரம்தான்.

கலப்புவழிப் பாடங்களில் சிக்கல் வேறு வகையானது. அங்கே பெரும்பாலும் எதுவும் குறைவாக இருப்பதில்லை; எல்லாம் கூடுதலாக இருக்கும். பழைய வகுப்பறைப் பாடத்தில் ஒரு மணி நேரத்தையும் விட்டுக்கொடுக்காமல், அதன் தலையில் காணொலிகளையும் இணைய வினாக்களையும் ஏற்றிவிட்டு, அதற்குக் கலப்புவழி என்று பெயர் சூட்டுகிறோம். மாணவர் ஒரு பாடத்துக்குப் பதிவு செய்து ஒன்றரைப் பாடம் படிக்கிறார். அதைவிடக் கேடானது, இரு பாதிகளும் ஒன்றையொன்று அறியாமல் ஓடுவது. வீட்டில் காணொலியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லும் ஆசிரியர், பார்க்காமல் வந்த சிலருக்காக வகுப்பில் அதையே சுருக்கிச் சொல்லத் தொடங்குகிறார்; பார்த்துவிட்டு வந்தவர்கள் அன்றே ஒரு பாடம் கற்றுக்கொள்கிறார்கள், இனிமேல் பார்க்க வேண்டியதில்லை என்று. அந்த இரக்கத்தை நானும் காட்டிக் கெட்டிருக்கிறேன். இப்போது வகுப்பின் முதல் வேலையே, வீட்டில் செய்துவந்ததைக் கையில் வைத்திருந்தால் மட்டுமே தொடங்கக்கூடியதாக இருக்கும். இல்லாதவர்கள் பின்வரிசையில் அமர்ந்து முதலில் அதை முடித்துவிட்டுச் சேர்ந்துகொள்ள வேண்டும். தண்டனை ஏதுமில்லை, மதிப்பெண் குறைப்பும் இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் பின்வரிசை காலியாகிவிடுகிறது.

எதை வகுப்பில் வைப்பது, எதை இணையத்தில் விடுவது என்பதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல் எளியது. தத்தம் வேகத்தில் நிறுத்தியும் திரும்பியும் செய்யக்கூடியதும், யோசித்து எழுத நேரம் வேண்டுவதும் இணையத்துக்கு. தவறான எண்ணம் ஒன்று உருவாகும் அந்தக் கணத்திலேயே யாரேனும் பார்த்துத் திருத்த வேண்டியது வகுப்புக்கு. செய்முறைக் கருவியைக் கையாள்வது, நோயாளியிடம் பேசிப் பழகுவது, ஒரு நிரூபணத்தில் இரண்டாம் வரியிலேயே சிக்கிக்கொள்வது போன்றவை பின்னதில் அடங்கும். விரிவுரை இரண்டாவதில் சேராது. ஆயினும் வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி இன்னும் அதற்கே போகிறது.

முதல் வாரத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. புதிய தளத்தையும் புதிய பாடத்தையும் ஒரே நாளில் கற்கச் சொல்லக்கூடாது. கோப்பை ஏற்றுவது, குழுவில் எழுதுவது, ஒலிப்பதிவு செய்வது ஆகியவற்றை மாணவர் ஏற்கெனவே நன்கறிந்த ஏதேனும் ஒன்றைப் பற்றிச் செய்து பழகட்டும். அப்பழக்க வேலைகளை எல்லாம் கைபேசியிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடும்படி உங்கள் குழுவிலுள்ள ஒருவரைக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய திரையில் வடிவமைக்கப்பட்ட பல செயல்பாடுகள் கைபேசியில் முடிக்கவே முடியாதவை. அவ்வாறே, நேரலையில் இணைய இயலாதவருக்கு அதன் பதிவைக் கொடுத்துவிட்டு ஈடு செய்துவிட்டதாக எண்ணுவதும் சரியன்று; நேரலையில் மற்றவர்கள் ஏதோ செய்தார்கள் என்றால், பதிவைப் பார்ப்பவருக்கும் அதற்கு இணையான ஒரு வேலை வேண்டும். மற்றவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்றால், நேரலையே எதற்கு என்று கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் ஒப்படைப்புகளை நம்ப முடியவில்லை என்ற புலம்பலை நிறையக் கேட்கிறேன். கண்டுபிடிக்கும் மென்பொருளை வாங்கும்படி உங்களுக்குப் பரிந்துரைகளும் வரும். 'இத்தலைப்பில் ஆயிரம் சொற்களில் கட்டுரை வரைக' என்ற பணி அந்தக் கருவிகளுக்கு முன்பே நலிந்திருந்தது. மூத்த மாணவரின் கட்டுரை அன்றும் கைமாறியது. மாணவர் தாமே திரட்டிய தரவு, சென்ற வாரம் தாம் எழுதிய வரி, தம் குழு எடுத்த முடிவு ஆகியவற்றின் மேல் அடுத்த பணியைக் கட்டி, ஐந்து நிமிடம் வாய்மொழியாகவும் விளக்கச் சொன்னால் சிக்கல் முற்றிலும் தீராவிட்டாலும் பெரிதும் தணிகிறது.

இனி, குழுக்கள் கேட்க விரும்பாத பகுதிக்கு வருகிறேன். மேலே சொன்ன ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் படித்து மறுமொழி எழுதுவதை நம்பி நிற்கிறது. அறுபது மாணவர்களுக்கு வாரம் ஒருமுறை தலைக்குப் பத்து நிமிடம் செலவிட்டால் பத்து மணி நேரம் ஆகிறது. உங்கள் பணிச்சுமைக் கணக்கில் இணையவழிப் பாடத்துக்கு விரிவுரைப் பதிவு நேரம் இருக்கிறது. மறுமொழிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆகவே ஆசிரியர்கள் தானாக மதிப்பெண் இடும் வினாக்களுக்கே திரும்பத் திரும்ப ஒதுங்குகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல இடமில்லை. சுமையைக் குறைக்கும் வழிகள் உண்டு: எல்லோருடைய எழுத்தையும் படித்து, பொதுவாகக் கண்ட மூன்று பிழைகளுக்கு ஒரே மறுமொழி எழுதலாம், வாரம் ஒரு பகுதியினருக்கு மட்டும் விரிவாக எழுதி, பருவம் முடிவதற்குள் எல்லோரையும் சுற்றிவரலாம், மாணவர்களையே ஒருவர் எழுத்தை மற்றவர் பார்க்கச் செய்யலாம். கடைசியாகச் சொன்னதற்கு, தரம் அறிந்த மூன்று மாதிரிகளை முதலில் அவர்கள் மதிப்பிட்டு, ஆசிரியரின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாமல் நடத்தப்படும் சகமாணவர் மதிப்பீடு நட்பையோ பகையையோதான் அளக்கிறது. இவ்வளவு செய்த பின்னும் மறுமொழிக்கு நேரம் வேண்டும். அதை இலவசமாக எதிர்பார்க்கும் குழு, எந்த வடிவமைப்பு விதியை எழுதினாலும் அது தாளிலேயே நிற்கும்.

பருவ இறுதியில் நீங்கள் நடத்தும் மாணவர் கருத்தாய்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், தாமே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் மெருகான விரிவுரையைக் கேட்டவர்களே தாங்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். உழைப்பு கடினமாக இருக்கும்போது கற்கவில்லை என்று மனம் நினைத்துக்கொள்கிறது. எனவே செயல்பாடுகளை நோக்கிப் பாடத்தை மாற்றும் ஆசிரியரின் கருத்தாய்வு மதிப்பெண் முதல் ஆண்டில் சரியக்கூடும். அந்த ஒரே எண்ணைக் காட்டி அவரைப் பழைய வழிக்குத் திருப்பிவிடாதீர்கள். கருத்தாய்வைக் கைவிடச் சொல்லவில்லை. அதன் அருகில் ஐந்தாம் வார மாணவர் எழுத்தில் இரண்டையும் பன்னிரண்டாம் வார எழுத்தில் இரண்டையும் வைத்துப் பாருங்கள் என்றே கேட்கிறேன்.

நான் வேண்டுவது பெரிய சீர்திருத்தம் அன்று. படிவத்தில் உள்ள எண்ணிக்கைக் கேள்விகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு முன்னால் ஒரே ஒரு பக்கத்தைச் சேருங்கள்: பாட ஆசிரியர் தாம் விரும்பும் வாரம் ஒன்றையும், குழு தேர்ந்தெடுக்கும் வாரம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, அவ்வாரங்களில் மாணவர் மணிக்கு மணி என்ன செய்வார், அதிலிருந்து என்ன வெளிவரும், அதை யார் எப்போது பார்ப்பார், அடுத்த வாரம் அது எங்கே பயன்படும், அதற்கு ஆசிரியருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதட்டும். ஒப்புதல் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் முதலில் விவாதியுங்கள்.

அடுத்த பருவத்துக்கான என் பாடமும் உங்களில் ஒரு குழுவின் பார்வைக்கு வரவிருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் அதன் நான்காம் வாரத்தையும் ஒன்பதாம் வாரத்தையும் மேற்சொன்னபடி எழுதி முன்பக்கத்தில் வைத்திருக்கிறேன். மறுமொழிக்கான நேரம் என்ற கட்டத்தில் வாரத்துக்கு ஆறு மணி என்று குறித்திருக்கிறேன். அதன் எதிரே குழுவின் ஒப்பத்துக்கான இடம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
இணையவழிப் பாடங்களை வடிவமைத்தும் நடத்தியும் வரும் ஆசிரியர் ஒருவர்